எப்சிலன் எரிடனிக்கு 0.062-ஆ? அந்த 2.4 யாரோட 2.4?

ஊதியூர்_மலைமேடு
நேத்து ராத்திரி காங்கயத்துக்காரர் போட்ட பதிவு இது: "எப்சிலன் எரிடனியோட எஸ் குறியீடு 0.062. சூரியனுக்கு 0.17. ஆகவே எரிடனி சூரியனை விட அமைதியான விண்மீன்." எஸ் குறியீடுங்கறது விண்மீனோட காந்தச் செயல்பாட்டக் கால்சியம் கோட்டு வெளிச்சத்த வெச்சுச் சொல்ற எண்ணு. இதப் பாத்துப்போட்டு சும்மா இருக்க முடியலீங்க. அந்த விண்மீன் 11 நாளுக்கு ஒருக்கா தன்னைத்தானே சுத்துது, சூரியனுக்கு 25 நாளு ஆகுது. வயசும் நூறு கோடி வருசத்துக்குக் கம்மி. வேகமாச் சுத்துற இளசு, கெழட்டுச் சூரியன விட அமைதியா? அமெரிக்காவுல மவுண்ட் வில்சன் ஆய்வகத்துல வருசக்கணக்கா அளந்த சராசரி 0.5-ஐ ஒட்டி இருக்குது. 0.5-ஐ எட்டால வகுங்க. 0.062. தொலைஞ்சது அந்த எட்டுதான்.

காங்கயம்_எட்டங்குலம்
ஏனுங், சூத்திரத்தப் படிச்சுட்டுப் பேசுங்க. எஸ் = 2.4 × (எச் + கே) ÷ (ஆர் + வி). கால்சியத்தோட கே கோடு 3933.66 ஆங்ஸ்ட்ராம் அலைநீளம், எச் கோடு 3968.47. ரெண்டுலயும் அரை உயரத்துல 1.09 ஆங்ஸ்ட்ராம் அகலமுள்ள முக்கோணப் பட்டை. ஒப்பிட எடுக்கற பின்வெளிச்சத்துக்கு வி பட்டை 3901.07-ல, ஆர் பட்டை 4001.07-ல, ஒவ்வொண்ணும் 20 ஆங்ஸ்ட்ராம். நாலையும் கூட்டுனேன், வகுத்தா 0.0258. 2.4-ஆல பெருக்குனா 0.062. 2.4-ன்னு அச்சுல இருக்குது. நானா உருட்டுனது இல்லீங்க.

ஊதியூர்_மலைமேடு
அச்சுல இருக்கற 2.4 உங்க தொலைநோக்கிக்கு எழுதுனது இல்லீங்க. 1966-ல ஓலின் வில்சன் 100 அங்குலத் தொலைநோக்கியில முதல் கருவியோட ஆரம்பிச்சாரு. 1977-ல ரெண்டாவது கருவி 60 அங்குலத்துக்கு வந்துது. புதுக் கருவியோட அளவு பழசோட ஒத்துப்போகோணும்னு வெச்ச பெருக்கெண்தான் 2.4. அந்தக் கருவியில சுழல் தட்டு ஒண்ணு நாலு பட்டையையும் மாத்தி மாத்தித் தொறந்து விடும். அதுல எச்சும் கேயும், ஆரும் வியும் வாங்குனத விட எட்டு மடங்கு எச்சா நேரம் வெளிச்சம் வாங்கும். அதாவது அவிய எண்ணுன எண்ணுக்குள்ளயே எட்டு ஒளிஞ்சிருக்குது. உங்க கேமராவுல நாலு பட்டையும் ஒரே நேரம் வெளிச்சம் வாங்குதுங்க. அப்ப எட்டை நீங்கதான் போடோணும்: 8 × 2.4 = 19.2. உங்க 0.0258-ஐ 19.2-ஆல பெருக்குங்க, 0.495.

கூட்டாம பட்டையோட சராசரி வெளிச்சத்த எடுத்தீங்கன்னா 1.09 ÷ 20-ம் சேரும், மொத்தமாப் பெருக்கெண் 1.05 கிட்ட வந்து நிக்கும். எந்த வழியில போனாலும் 0.062 வராதுங்க.

காங்கயம்_எட்டங்குலம்
2.4 சரின்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களே. 2.4-ங்கறது 2.4 தான்.

பெருந்துறை_நிறமாலை
முதல்ல "காந்தச் செயல்பாடு"ன்னா என்னன்னு பேசிக்குவோமுங்க. கால்சியம் கோட்டுல அளக்கறது நிறமண்டலம், அதாவது விண்மீன் மேற்பரப்புக்கு மேல இருக்கற அடுக்கு, காந்தத்தால சூடாகி விடற வெளிச்சம். காஸ் கணக்குல காந்தப்புலம் வேணும்னா சீமன் பிளவு, அதாவது காந்தப்புலத்துல கோடு எவ்வளவு பிரியுதுன்னு, பாக்கோணும். 6173 ஆங்ஸ்ட்ராம் இரும்புக் கோட்டுல 1000 காஸுக்கே விலகல் 0.045 ஆங்ஸ்ட்ராம் தான். ரெண்டும் வேற வேற அளவு. எதைப் பத்திச் சண்டைன்னு தெளிவு பண்ணிட்டு…

ஊதியூர்_மலைமேடு
சண்டை 2.4 பத்திங்க. அது முடியட்டும்.

ஆழியாறு_அலைநீளம்
எட்டை விடுங்க, இன்னும் ரெண்டு குழி இருக்குது. ஒண்ணு, 3933.66-ங்கறது காத்துல உள்ள அலைநீளம். வெற்றிடத்துல 3934.78. வித்தியாசம் 1.1 ஆங்ஸ்ட்ராம், உங்க முக்கோணத்தோட அகலம் முச்சூடும். ரெண்டு பட்டியலக் கலந்தா கோட்ட உட்டுப்போட்டுப் பக்கத்துச் சுவர அளந்துட்டு வருவீங்க.

ரெண்டாவது, ஆர வேகம், விண்மீன் நம்மள நோக்கியோ விலகியோ போற வேகம். 61 சிக்னிங்கற விண்மீன் நம்மள நோக்கி நொடிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல வருது. கே கோட்டுல அது 0.86 ஆங்ஸ்ட்ராம் நீல விலகல். திருத்தாம அளந்தா கோட்டோட நடு மேடு முக்கோணத்துல உச்சிக்குப் பதிலா 21 சதவீதம் ஒளி விடற எடத்துல உழும். பூமி சூரியனச் சுத்தறதால வேற 0.39 ஆங்ஸ்ட்ராம் வரைக்கும் முன்னாலயும் பின்னாலயும் ஆடும். இதையெல்லாம் திருத்துனீங்களா?

காங்கயம்_எட்டங்குலம்
எரிடனிக்கு ஆர வேகம் நொடிக்கு 16 கிலோமீட்டர் தான். என்ற படத்துல கோடு பட்டை நடுவுலயே நிக்குது.

ஊதியூர்_மலைமேடு
அந்தப் படத்தையே பாருங்க. கே கோட்டோட அடியில, நடுவுல, வெளிச்ச மேடு தனியா நிமுந்து நிக்குது. அமைதியான விண்மீன்ல அந்த மேடு இப்படித் தெரியாது. படம் ஒண்ணு சொல்லுது, நீங்க எழுதுனது இன்னொண்ணு சொல்லுது. உங்க படத்த நீங்களே நம்ப மாட்டேங்கறீங்களே!

நொய்யல்_கரை
கால்சியம் கோட்ட வெச்சுக் காந்தத்த அளக்கலாம்னு 1957-லயே கண்டுபுடிச்சது நம்மாளு வைணு பாப்பு. காவலூருல இருக்கற 2.34 மீட்டர் தொலைநோக்கியும் நம்ம கொங்கு மண்ணுலதான் நிக்குது. அமெரிக்காக்காரன் 2.4-க்கு எதுக்கு அடிச்சுக்கறீங்க?

ஆழியாறு_அலைநீளம்
காவலூர் ஜவ்வாது மலைங்க, திருப்பத்தூர் மாவட்டம். கொங்குன்னு எந்தக் கணக்குல வரும்?

நொய்யல்_கரை
சேலத்துல இருந்து எவ்வளவு தூரம் சாமி? தருமபுரியக் கொங்குல சேத்தா ஊத்தங்கரைக்கு அந்தப் பக்கத்த ஏன் சேக்கக் கூடாது?

ஊதியூர்_மலைமேடு
அப்படிப் பாத்தா ஆம்பூரும் கொங்குதான்! வில்சன்–பாப்பு விளைவையும் ஒழுங்காச் சொல்லுங்க. அவிய பாத்தது கே கோட்டு நடு மேட்டோட அகலத்துக்கும் விண்மீனோட உண்மையான பிரகாசத்துக்கும் உள்ள தொடர்பு. மேடு எவ்வளவு அகலம்ங்கறது வேற, எவ்வளவு வெளிச்சம்ங்கறது வேற. பாப்புவோட பெருமைக்கு அவரு செய்யாத வேலைய ஏத்தி வெக்க வேண்டியதில்ல, செஞ்சதே மலையாட்டம் இருக்குது.

நொய்யல்_கரை
போன கார்த்திகையில ஹைட்ரஜனோட செவப்புக் கோடு எச்-ஆல்ஃபாவே போதும்னு அடம்புடிச்ச ஆளுக்கு இன்னைக்குக் கால்சியம் மேல இத்தன பாசம்.

ஊதியூர்_மலைமேடு
எச்-ஆல்ஃபா எம் வகைக் குள்ளனுக்கு, அதாவது சின்னச் செவப்பு விண்மீனுக்குப், போதும்னுதான் சொன்னேன். சூரியன் மாதிரி விண்மீன்ல அந்தக் கோடு அசையறது கம்மி, சில விண்மீன்ல கால்சியத்தோட ஒத்தே போகாது. சொன்னத முழுசாப் படிங்க.

காங்கயத்தாருக்கு வர்றேன். 0.495 வந்ததும் ஆச்சுன்னு நினைச்சுக்காதீங்க. எரிடனிக்கு 3 வருசச் சுழற்சி ஒண்ணு, 13 வருசத்தை ஒட்டி இன்னொண்ணு. சராசரியோட ஒத்துப்போச்சுங்கறது ஒரு ராத்திரிக்குச் சாட்சி ஆகாது. செய்யற மொறை இப்படித்தானுங்க:

பிரிதிறன் 0.3 ஆங்ஸ்ட்ராமாவது வேணும். 1.3 ஆங்ஸ்ட்ராம் மங்கல்ல நடு மேடும் பக்கத்துச் சுவரும் கலந்து கூழாயிரும். ஸ்லிட்டுல, அதாவது நிறமாலைமானி வாசல்ல இருக்கற குறுகின பிளவுல, விண்மீனப் புடிக்கையில வழிகாட்டுக் கேமரா பச்சையப் பாக்கும், நமக்கு வேண்டியது ஊதா. தாழ நிக்கற விண்மீன்ல காத்து ரெண்டையும் பிரிச்சு வெச்சுரும். பச்சை ஸ்லிட்டுக்குள்ள, ஊதா வெளியில. நீல வடிகட்டி போட்டு வழிகாட்டோணும், இல்லீன்னா ஸ்லிட்ட செங்குத்துத் திசைக்குத் திருப்போணும். கேமரா மூஞ்சியில புற ஊதா வெட்டுற கண்ணாடி இருந்தாக் கழட்டுங்க, இல்லீன்னா 3901 பட்டை செத்துப்போகும். ஃப்ளாட்டுக்கு, அதாவது கேமராவோட ஏத்தத்தாழ்வத் திருத்தற படத்துக்கு, வெக்கற டங்ஸ்டன் விளக்குல 3900-ல வெளிச்சமே கம்மி, நெம்பப் படம் எடுத்துச் சேக்கோணும். எச்சும் கேயும், ஆர் வி ரெண்டுக்கும் நடுவுல இருக்கறதால வெளிச்சச் சாய்வு பெரும்பாலும் தன்னால அடிபட்டுப்போகும். ஆனா அடிமட்டம் தப்புன்னா அடிபடாது. கோட்டு அடியில 200 எண்ணிக்கைதான் இருக்குது, பின்னணியக் கழிக்கறதுல 30 தவறுச்சுன்னா அங்கயே 15 சதவீதம் போச்சு. உள்ள சிதறுற வெளிச்சமும் இதே வேலையச் செய்யும், அமைதியான விண்மீனக் காந்தச் செயல்பாடு எச்சானதாக் காட்டும்.

அப்புறமேட்டுக்குத் தரவிண்மீனுக, அதாவது எஸ் ஏற்கனவே தெரிஞ்ச விண்மீனுக. டவு செட்டி 0.17-ல அசையாம நிக்கும். ஒண்ணு பத்தாது, அடியில ரெண்டு மூணு, மேல ரெண்டு மூணு எடுத்து நேர்கோடு போடோணும். ஹார்ப்ஸ் நிறமாலைமானியே தன் அளவ 1.111-ஆல பெருக்கி 0.0153 கூட்டித்தான் மவுண்ட் வில்சன் அளவுக்கு வந்துது. உங்க எட்டங்குலத்துக்கு மட்டும் நேர்கோடு வேண்டாமுங்களா?

காங்கயம்_எட்டங்குலம்
ஹார்ப்ஸ் 1.111 போட்டுச்சு. நான் 2.4 போட்டேன். அவியளுக்கு ஒரு நாயம், எனக்கொரு நாயமா? என்ற அளவு என்றதாவே இருக்கட்டும்.

ஊதியூர்_மலைமேடு
இருக்கட்டும். அப்ப அதே அளவுல நிலா வெளிச்சத்த அளங்க. நிலாவுல வர்றது சூரிய நிறமாலை தானுங்களே. உங்க 2.4-ல சூரியனுக்கு 0.021 வரும். 0.062-ஐ அதோட ஒப்பிடுங்க, எரிடனி மூணு பங்கு எச்சு. நீங்க செஞ்சது உங்க படியில அளந்த நெல்ல ஊரு மரக்கால்ல அளந்த நெல்லோட ஒப்பிட்டது.

அதுக்கும் மேல, விண்மீன் வகையில எரிடனி கே2, சூரியன் ஜி2. கே விண்மீனுக்கு ஊதாப் பக்கம் பின்வெளிச்சமே கம்மி, அதனால எஸ் தன்னால ஏறும். நிறம் வேற வேறயா இருந்தா 1984 நாய்ஸ் மொறையில ஆர்-டாஷ் எச்கே, அதாவது நிற வித்தியாசத்தத் திருத்துன குறியீடு, ஆக்கித்தான் ஒப்பிடோணும். சூரியனுக்கு மடக்கையில −4.9, எரிடனிக்கு −4.45 பக்கம். அங்கயும் எரிடனிதான் மேல.

நொய்யல்_கரை
பக்கத்துல ஆல்ஃபா செண்டாரி இருக்கையில எரிடனிக்கு எதுக்குங்க இத்தன அக்கப்போரு?

ஆழியாறு_அலைநீளம்
நம்ம ஊருல அது உச்சத்துலயே 18 டிகிரிங்க. மூணு மடங்கு காத்த ஊடுருவி வரோணும், 3933-ல பெரும்பகுதி வழியிலயே போயிரும். எரிடனி 69 டிகிரி ஏறுது, தை மாசம் பொழுதோட ஆரம்பிச்சா வசமா மாட்டும்.

பெருந்துறை_நிறமாலை
இன்னொருக்காக் கேக்கறேன். காந்தப்புலத்தையா, காந்தத்தால வர்ற வெளிச்சத்தையா, எதை "அமைதி"ன்னு சொல்றீங்க?

நொய்யல்_கரை
காவலூர் விசயத்துக்கு இன்னும் பதில் வரல. ஊத்தங்கரைக்கு அந்தப் பக்கம் யாரு நாடு?

காங்கயம்_எட்டங்குலம்
டவு செட்டி போட்டாச்சு. 2.4-ல 0.021. எரிடனி பதிவ நான் எடுக்கப் போறதில்ல.

ஊதியூர்_மலைமேடு
0.021-ஐ எட்டால பெருக்குங்க. 0.168. இதுக்கு மேல என்ன வேணும்?

காங்கயம்_எட்டங்குலம்
பெருக்க மாட்டேன். அச்சுல 2.4-ன்னுதான் இருக்குது.