புதுப்பிப்பு: கொடைக்கானல் வாடகை வீட்டுக்குச் சுத்தம் செய்ய ஆள் கிடைத்தார், கூலியும் முடிவானது

மூன்று மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன்: சுற்றுலா வருபவர்களுக்கு விடும் இரண்டு படுக்கையறை வீட்டைச் சுத்தம் செய்பவருக்கு மாதச் சம்பளம் தருவதா, தடவைக்கு இவ்வளவு என்று தருவதா? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் மாதம் 8,000 ரூபாய்க்குத்தான் பேசினேன். சரிப்படவில்லை. மழை மாதத்தில் விருந்தினர் குறைவு, எனக்கு நஷ்டம்; மே மாதத்தில் வேலை அதிகம், சுத்தம் செய்யும் அக்காவுக்கு நஷ்டம்.

கைகொடுத்தது, "கூலி பேசும் முன் ஒரு தடவை நீங்களே செய்து பாருங்கள்" என்ற யோசனை. செய்தேன். 3 மணி 40 நிமிடம், அதில் பாதி குளியலறைக்கே போனது. வடிகால் சல்லடையில் சுற்றிக்கொண்ட முடியை எடுக்கவே தனிப் பொறுமை வேண்டும். அப்புறம் பேரம் பேச வாய் வரவில்லை. இப்போது தடவைக்கு 700, துவைப்புக்குத் தனிக் கணக்கு. முந்தைய நாள் இரவுக்குப் பிறகு முன்பதிவு ரத்தானால் பாதிக் கூலி. இது அக்கா கேட்டது, நியாயம்தான்.

எதிர்பாராதது பனிமூட்டம். விரிப்பு இரண்டு நாள் ஆனாலும் காய்வதில்லை, வாடை வேறு. கட்டிலுக்கு மூன்று செட் வாங்கிவிட்டேன்: ஒன்று கட்டிலில், ஒன்று கொடியில், ஒன்று பீரோவில். விருந்தினர் காலி செய்வது 11 மணி, அடுத்தவர் வருவது 1 மணி என்றிருந்ததையும் 3 மணிக்குத் தள்ளினேன். இதுவரை யாரும் முகம் சுளிக்கவில்லை.