பார்வையில்லாத கடுவனை மற்ற பூனைகளோடு எப்போது சேர்ப்பது?

கயல்: வீட்டில் ஏற்கெனவே மூன்று பூனைகள். ஒரு கடுவன், இரண்டு பெட்டை. சின்ன பெட்டைக்கு இன்னும் கருத்தடை ஆகவில்லை. இப்போது இரண்டு கண்ணும் தெரியாத, வளர்ந்த கடுவன் ஒன்று வந்திருக்கிறது. போன வாரம்தான் அவனுக்குக் கருத்தடை. தனி அறையில் இருக்கிறான். எப்போது கதவைத் திறக்கலாம்?

சேகர்: இன்றைக்கே திறங்கள். கண் தெரியாத ஜீவனை அடைத்து வைப்பது பாவம். ரெண்டு நாள் சீறும், அப்புறம் அதுகளே சமாதானமாகிவிடும். ஒற்றை அறையைப் பழகி, பிறகு முழு வீட்டையும் பழகு என்றால் அவனுக்கு ரெட்டை வேலை.

நிலா: சேகர் அண்ணா, கருத்தடை செய்த அன்றே கடுவன் மலடாகிவிடாது. குழாய்களில் மிச்சமிருக்கும் விந்தணுவால் சில வாரங்கள் வரை சினைப்படுத்த முடியும். சின்னவளோடு இப்போது விட்டால் குட்டிதான். காயமும் ஆற வேண்டும். எய்ட்ஸ் மாதிரி பூனைகளுக்கு வரும் எஃப்.ஐ.வி. கடியில்தான் அதிகம் பரவும். அதற்கும், ரத்தப்புற்று வைரஸுக்கும் சோதனை ஆயிற்றா கயல்?

கயல்: ரெண்டும் இல்லை என்று வந்துவிட்டது.

சேகர்: சரி, குட்டி விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். சின்னவளுக்கும் கருத்தடை செய்துவிட்டால் தீர்ந்தது. சண்டைக்குணம்தான் இனி அடங்கிவிடுமே, பிறகு எதற்கு மாதக்கணக்கில் காத்திருப்பு?

நிலா: ஹார்மோன் சீக்கிரம் இறங்கும், பழக்கம் இறங்காது. வளர்ந்த பிறகு செய்தால் சில கடுவன்கள் அப்புறமும் சுவரில் சிறுநீரைப் பீய்ச்சும். அதைவிடப் பெரிய சிக்கல் கண். பூனைச் சண்டை பெரும்பாலும் முறைப்பில்தான் தொடங்குகிறது. பார்வையுள்ள பூனை முகத்தைத் திருப்பி விலகிக்கொள்ளும். இவன் சத்தம் வந்த பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே நிற்பான். எதிரில் இருப்பவனுக்கு அது சவால். இவனுக்கோ அடி விழும்வரை ஒன்றும் தெரியாது.

மீசைக்காரி: நிலா சொல்வது சரி, ஆனால் வழக்கமாகச் சொல்கிற மாதிரி வலைக்கதவு போட்டு "பார்த்துப் பழகட்டும்" என்பதில் பாதிதான் பலன். பார்ப்பது மற்ற மூன்றும் மட்டும்தானே! இவனுக்கு வாசனைதான் அறிமுகம். ஒரு துணியால் அவன் கன்னத்தைத் தேய்த்து, மற்றவை சாப்பிடும் தட்டுக்குப் பக்கத்தில் போடுங்கள். அவற்றின் துணி இவனிடம். கதவுக்கு இருபுறமும் சாப்பாடு வையுங்கள். மற்ற மூன்றின் கழுத்திலும் மணி கட்டினால் யார் வருகிறார்கள் என்று இவனுக்குத் தெரியும்.

சேகர்: மணியா? நாள் பூராவும் காதடியில் கிணுகிணு என்றால் அதுகளுக்குப் பைத்தியம் பிடிக்கும். ஒருத்தனுக்காக மூன்று பேருக்குத் தண்டனையா?

மீசைக்காரி: பழகும்வரை மட்டும், நீங்கள் கூட இருக்கிற நேரத்தில். இழுத்தால் கழன்றுகொள்ளும் பட்டையில் கட்டுங்கள். அறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மீசையை முன்னால் நீட்டி, சுவரை உரசிக்கொண்டே போய், மலஜலம் கழிக்கும் மண்தட்டின் விளிம்பை ஒரு காலால் தொட்டுப் பார்த்து ஏறுவான், கவனியுங்கள். அந்த வரைபடம் மனதில் பதிந்த பிறகுதான் அடுத்த அறை. தூக்கிக்கொண்டு போய் நடுக்கூடத்தில் இறக்கிவிடாதீர்கள்.

நிலா: மண்தட்டையும் நகர்த்தக் கூடாது. நாலு பூனைக்கு அஞ்சு தட்டு, மற்றவை வழிமறிக்க முடியாத இடங்களில்.

சேகர்: அஞ்சு தட்டை யார் அள்ளுவது, நீங்களா?

கயல்: அள்ளுவது நான்தான் அண்ணா. சின்னவளின் அறுவைக்கு நாள் கேட்டிருக்கிறேன், அதுவரை கதவு மூடியே இருக்கும். மணி மட்டும் எனக்கும் யோசனையாகத்தான் இருக்கிறது.