துருக்கிய, பால்கன் நாட்டுப்பாடல்களில் தந்தை எங்கே இருக்கிறார்?

கேள்வி:
துருக்கியத் தாலாட்டுகளைச் சில ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். தோட்டத்தில் புகுந்த கன்றுகள் முட்டைக்கோசைத் தின்றுவிடாமல் விரட்டும்படி தோட்டக்காரரிடம் சொல்லும் தாலாட்டு எனக்கு மனப்பாடம். எங்கும் தாயின் குரலே கேட்கிறது. பிள்ளையைப் பொத்திக் காக்கும் தந்தை எந்தப் பாட்டில் வருகிறார்? அறிந்தவர்கள் கூறுங்கள்.

பதில் 1:
தந்தையே பாடுகிற பாட்டைத் தேடுவதைவிட, பிள்ளையின் வாயில் அவரைத் தேடுவது நல்லது. பால்கன் தீபகற்பத்தைச் சேர்ந்த துருக்கியத் திரேஸில், மால்கரா வட்டாரத்துப் பாடலாக அறியப்படும் 'யூக்செக் யூக்செக் தெபெலெரெ' திருமணத்துக்கு முந்தைய மருதாணி இரவில் பாடப்படுவது. மணப்பெண்ணுக்குச் சிவப்பு முக்காடிட்டு நடுவில் அமர்த்தி, பெண்கள் மெழுகுவர்த்தி ஏந்திச் சுற்றிவந்து, அவள் கண்ணீர் விடும்வரை பாடுவார்கள். உயர்ந்த மலைகளில் வீடு கட்ட வேண்டாம், தொலைதூர ஊருக்குப் பெண் கொடுக்க வேண்டாம் என்று தொடங்கும் அப்பாட்டில், "என் தந்தைக்கு ஒரு குதிரை இருந்தால் ஏறி வந்திருப்பாரே" என்று அவள் ஏங்குகிறாள். வர மனமில்லாத தந்தையாக அவரை அவள் நினைக்கவே இல்லை. குதிரை ஒன்றுதான் குறை. அந்த நம்பிக்கையே என்னை ஒவ்வொரு முறையும் கலங்கச் செய்கிறது.

பதில் 2:
பாட்டுக்கு வெளியிலும் பாருங்கள். சிவாஸ் மாகாணத்து ஆஷிக் வெய்சல் (1894–1973) ஏழு வயதில் அம்மை கண்டு பார்வையை இழக்கத் தொடங்கியபோது, மகன் மனம் தேறட்டும் என்று தந்தை ஸாஸ் என்ற நரம்பு வாத்தியத்தைக் கையில் கொடுத்தார். துருக்கி முழுவதும் அறிந்த கவிஞர் அந்த நரம்புகளிலிருந்தே உருவானார்.

பதில் 3:
துருக்கியின் கிர்ஷெஹிரைச் சேர்ந்த நாட்டுப்பாடகர் நெஷெத் எர்தாஷையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாயைச் சிறுவயதிலேயே இழந்த அவர், தந்தை முஹர்ரெம் எர்தாஷுடன் ஊர் ஊராகத் திருமண வீடுகளுக்குச் சென்றே இசை கற்றார். நீட்டிக் கதறும் 'போஸ்லாக்' பாடல்முறை அவருக்குத் தந்தைவழிச் சொத்து. 2012இல் மறைந்தபோது, அவர் விரும்பியபடியே தந்தையின் காலடியில் அடக்கம் செய்தார்கள்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. மருதாணிப் பாட்டை இன்று மறுபடி கேட்டேன். "அம்மாவைத் தேடுகிறேன்" என்ற வரி முன்னால் நிற்பதால் இதுநாள்வரை அதைத் தாய்ப்பாட்டு என்றே நினைத்திருந்தேன். "அம்மாவையும் அப்பாவையும்" என்று அடுத்த வரியே சொல்கிறது. தாய்க்குப் பாய்மரம், தந்தைக்குக் குதிரை. உடன்பிறந்தவர்களுக்கு வழி தெரிந்தால் போதும் என்கிறாள்.