பொருள்: ‘ரை’ நோய்க்குத் தமிழில் என்ன போடலாம்? திங்கட்கிழமை அச்சு

கோபி, பள்ளி ஆசிரியை:
வணக்கமுங்க. பெற்றோருக்கான ஒரு துண்டறிக்கையைத் தமிழாக்குகிறேன். ரைஸ் சிண்ட்ரோம் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். ஃப்ளூவோ சின்னம்மையோ வந்து தேறுகிற பிள்ளைக்கு அரிதாக மூளை வீங்கி, ஈரலில் கொழுப்புச் சேரும் நோய். ஆஸ்பிரினோடு தொடர்புடையது. 1963இல் இதை விவரித்த ஆஸ்திரேலிய மருத்துவர் டக்ளஸ் ரையின் பெயரே நோய்க்கும். ‘ரை நோய்க்குறித்தொகுப்பு’ என்று எழுதினேன். எங்கள் சத்துணவு ஆயா படித்துவிட்டு, “தொகுப்புன்னா பொங்கலுக்குக் குடுக்கறதுங்களா?” என்கிறார்.

ஈரோடு, புலவர்:
எட்டுத்தொகை உள்ள மொழிக்குத் தொகுப்பு எதற்கு? ‘நோய்க்குறித்தொகை’ போதும். இன்னொன்று, ரகரம் மொழிக்கு முதலில் வராது. ‘இரை’ என்றே எழுதுக.

திருப்பூர், மொழிபெயர்ப்பாளர்:
புலவரய்யா, இங்கே தொகை என்றால் பாக்கித் தொகைதான். ‘இரை நோய்’ என்றால் பல்லடத்துக்காரர்கள் கோழிக்கு வந்த சீக்கு என்று நினைப்பார்கள். இரைப்பு நோய் வேறு தனியாக இருக்கிறது.

பொள்ளாச்சி, ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்:
சிண்ட்ரோம் என்ற சொல்லின் வேரைப் பாருங்கள், நோய்க்குறிகள் பல சேர்ந்து வருவது. கிரேக்கத்தில் ‘சின்’ என்றால் கூட, ‘ட்ரோமோஸ்’ என்றால் ஓட்டம். ஒற்றைத் திமில் ஒட்டகத்தை ட்ரோமெடரி என்பதும் இந்த ஓட்டத்தால்தான். இப்போது நம்முடைய சந்நிபாதத்தை எடுங்கள். வாதம், பித்தம், கபம் என்ற மூன்று தோஷமும் ஒருசேர வந்து விழுவது. கிரேக்கன் கூடி ஓடினான், நம்மாள் கூடி விழுந்தான், அவ்வளவுதான் வித்தியாசம். அது தேய்ந்துதான் ஜன்னி. ‘ரை ஜன்னி’ என்றால் பாட்டிக்கும் புரியும்.

ஈரோடு, புலவர்:
வடசொல்! ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ என்று வள்ளுவர் தமிழிலேயே சொன்ன பிறகு சந்நிபாதத்தைத் தேடிப் போவானேன்? சித்த மருத்துவத்தில் குறிகுணம் என்ற சொல் இருக்கிறது. ‘குறிகுணக்கூட்டு’ என்க.

திருப்பூர்:
காலையில் பொங்கல், இப்போது கூட்டு. இலை போட்டுவிடலாமுங்க.

பெருந்துறை, குழந்தை மருத்துவர்:
ஜன்னி மட்டும் வேண்டாம். ஜன்னி என்றால் உடம்பு கொதிக்க வேண்டும் என்று ஊரே நினைக்கிறது. இதில் காய்ச்சல் பெரும்பாலும் விட்டிருக்கும். பிள்ளை தேறிவிட்டது என்று அம்மா மூச்சு விடும்போது வாந்தி தொடங்கும், நிற்காது. அப்புறம் அசந்து கிடக்கும். கூப்பிட்டால் மலங்க மலங்க விழிக்கும், இல்லாவிட்டால் சம்பந்தமில்லாமல் கத்திச் சண்டை போடும். வலிப்பு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே பெரிய ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் 1980இல் 555 பிள்ளைகள். ஆஸ்பிரின் எச்சரிக்கை பரவிய பிறகு, 1987 தொடங்கிப் பத்தாண்டில் எந்த ஆண்டும் 36ஐத் தாண்டவில்லை. நம் ஊரில் “காய்ச்சலுக்கு ஒரு செட்டு குடுங்க” என்று வாங்கிப் போகிறோமே, அட்டையைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துத் தருவதில் என்ன மாத்திரை என்று பெயரே தெரியாது. அதை எழுதுங்கள். கவாசாகி நோய்க்கு (சின்னப் பிள்ளைகளுக்கு இரத்தக் குழாய் வீங்குவது) மருத்துவர் சொல்லி ஆஸ்பிரின் சாப்பிடுகிற பிள்ளைக்குத் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம், காய்ச்சல் வந்தால் அந்த மருத்துவரைக் கேட்கவும் என்பதையும்.

கோபி:
எங்கள் பக்கம் அம்மை போட்டால் மாத்திரையே கிட்டத்தில் வராது, வேப்பிலைதான். இப்போதுதான் மாறிவிட்டது. ‘தண்ணி ஊத்தின பிறகு வாந்தி எடுத்தால்’ என்று போடட்டுங்களா? அந்த நாள் எல்லாருக்கும் நினைவிருக்கும்.

பெருந்துறை:
நல்ல யோசனை. ஆனால் கொப்புளம் காயத் தொடங்கும்போதே வரலாம். தண்ணி ஊத்தும்வரை பொறுத்திருந்துவிடுவார்கள். ‘கொப்புளம் காயும்போதோ, தண்ணி ஊத்தின பிறகோ’ என்று சேர்த்துப் போடுங்கள்.

பொள்ளாச்சி:
சந்நிபாதம் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல…

கோபி:
அச்சகத்தில் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். தலைப்பு ‘ரை நோய்’. சிண்ட்ரோமுக்கு ஒன்றும் போடவில்லை. ஆயாவிடம் காட்டினேன், “ம், வாந்தி, மாத்திரை. புரியுதுங்க” என்றார்.

திருப்பூர்:
சரி.

பெருந்துறை:
சரி.

ஈரோடு, புலவர்:
அச்சுக்குப் போகட்டும். ‘இரை’ என்பதை அடைப்புக்குறிக்குள்ளாவது போடலாம்.