கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகள்தான் ஏன் இத்தனை பேர் ஃபோஸ்டர் வீடுகளில்?

வசந்தன்_ஸ்காபரோ:
2021 கணக்கெடுப்பில் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் பூர்வகுடியினர் 7.7 விழுக்காடு. ஃபோஸ்டர் வீடுகளில், அதாவது பெற்றோரிடமிருந்து எடுத்த பிள்ளைகளை வளர்க்கக் கொடுக்கும் வேறு வீடுகளில், இருப்பவர்களிலோ 53.8 விழுக்காடு. இதைத் தற்செயல் என்று என்னால் விட முடியவில்லை.

மீனா_ர:
எண்ணிக்கை மட்டும் பாகுபாட்டுக்குச் சாட்சி ஆகாது தம்பி. வறுமையும் குடியும் அதிகம் என்றால் புகாரும் அதிகம்தான் வரும். மனிடோபா மாகாணத்தில் ஃபீனிக்ஸ் சின்கிளேர் என்ற 5 வயதுப் பூர்வகுடிச் சிறுமியை 2005-ல் தாயும் அவள் துணைவனும் கொன்றார்கள். சில மாதம் முன்புதான் வீட்டுக்குப் போன பிள்ளைகள் நல அலுவலர்கள், பிள்ளையைப் பார்க்காமலே கோப்பை மூடினார்கள். தயங்கினால் சாவது பிள்ளை.

வசந்தன்_ஸ்காபரோ:
அக்கா, அந்தப் பிள்ளையை நினைத்தால் எனக்கும் வயிறு கலங்குகிறது. ஆனால் அங்கே தேவைப்பட்டது "பிள்ளை எங்கே, காட்டுங்கள்" என்று கேட்டு நிற்கும் ஓர் ஆள். பணம் போன வழியையும் பாருங்கள்: ரிசர்வில் (பூர்வகுடியினருக்கென ஒதுக்கிய நிலத்தில்) ஒரு பிள்ளையை வீட்டிலிருந்து எடுத்தால் ஆன செலவை அப்போது மத்திய அரசு கொடுத்துவிட்டது, அதே பிள்ளை தாயோடு இருக்க உதவி செய்வதற்கோ கிள்ளிக் கொடுத்தது. 2016-ல் கனடாவின் மனித உரிமைத் தீர்ப்பாயமே இதைப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. கூரை ஒழுகுகிறது, ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிறார்கள் என்பதெல்லாம் 'பிள்ளையைக் கவனிக்கவில்லை' என்று கோப்பில் ஏறினால், வீடு இல்லாததற்குத் தாயா குற்றவாளி?

குணா77:
நான் இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்தவன். பிரசவ வார்டில் ஒரு பூர்வகுடிப் பெண், பால் கட்டி சட்டை நனைந்திருக்க, வெறும் தொட்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிள்ளை பிறக்கும் முன்பே 'பிறப்பு எச்சரிக்கை' போயிருந்ததாம்; இந்தத் தாயிடம் பிள்ளைக்கு ஆபத்து இருக்கலாம் என்று பிள்ளைகள் நல அலுவலர்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் அறிவிப்பு அது. ஒன்டாரியோ அந்த வழக்கத்தை 2020-ல்தான் நிறுத்தியது.

மீனா_ர:
அது கொடுமை, அதில் வாதமில்லை குணா. பிறக்காத பிள்ளைக்கு யாரும் ஒன்றும் செய்துவிடவில்லையே. ஆனால் உண்மையிலேயே அடி வாங்கும் பிள்ளைக்கு இன்று இரவு எங்கே இடம்? அதைச் சொல்லுங்கள்.

வசந்தன்_ஸ்காபரோ:
பூர்வகுடிப் பிள்ளைகள் நலனுக்கான 2019 மத்திய சட்டம் அதற்கு வரிசையே போட்டிருக்கிறது: முதலில் பெற்றோர், இல்லை என்றால் உறவினர், அப்புறம் அதே சமூகத்து ஆட்கள். சரி, தாயிடம் விட முடியாது என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு வீடு தள்ளி அம்மம்மா இருக்கிறார். அவருக்கு ஒரு கட்டிலும் மாதச் செலவும் கொடுத்தால் பிள்ளை இன்று இரவே அங்கே தூங்கும்.