கல்லடிப் பாலம், கோட்டை, மீன்பாட்டு: ஒரு நாளில பார்க்க ஏலுமா?

தாண்டவன்வெளி:
கொழும்பால நாலு பேர் மட்டக்களப்புக்கு வாறாங்க. சனிக்கிழமை மட்டும்தான் கையில இரிக்கு. கோட்டை, பழைய கல்லடிப் பாலம், வாழைச்சேனைக் கடதாசி ஆலை, இரவில வாவித் தண்ணிக்குள்ளால கேட்கிற மீன்பாட்டு, இவ்வளவும் கேட்கிறாங்க. எந்த ஒழுங்கில போறது?

புளியந்தீவான்:
காலையில கோட்டை. போர்த்துக்கீசர் 1628இல கட்டினது, 1638இல ஒல்லாந்தர் பிடிச்சது. வாசலில படம் எடுத்திட்டுத் திரும்பாம மதிலில ஏறி நாலு கொத்தளத்தையும் சுத்திப் பாருங்க. ரெண்டு பக்கம் வாவி, மற்ற ரெண்டு பக்கம் அகழி. மேல நிழல் இல்ல, வெயில் ஏற முதல் இறங்கிருங்க. மறுகா முகத்துவாரம் வெளிச்சவீடு, அது 1913. பாலத்தைப் பின்னேரத்துக்கு வைங்க. 1924இல திறந்த இரும்புப் பாலம், நடந்துதான் பார்க்கணும். வாகனத்தில போனா பக்கத்துப் புதுப்பாலத்தால கடந்து போயிருவீங்க.

ஓட்டமாவடிக்காரன்:
கடதாசி ஆலையை விட்டுருங்க. 1956இல வைக்கோலைக் கூழாக்கிக் கடதாசி செய்யத் தொடங்கின இடம், கதை பெரிசுதான். ஆனா அது காட்சிச்சாலை இல்ல. முன்கூட்டி எழுத்தில அனுமதி எடுக்காமப் போனா படலையோட திரும்ப வேண்டியதுதான். பாசிக்குடாக் கடற்கரைக்குப் போற எண்ணம் இருந்தா வழியில வெளியால பார்க்கலாம்.

வாவிக்கரை:
மீன்பாட்டுக்கு மூண்டு விசயம் பொருந்தணும்: ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் வரை, நிலவு காலம், காத்தில்லாத இரவு. மாரியில வாவி கலங்கிப் பெருகி ஓடும், போய் வேலையில்ல.

தோணிக்காரரிட்ட முதலே சொல்லி வைங்க. கல்லடிப் பாலத்துப் பக்கம் போய் எஞ்சினை நிப்பாட்டி, தோணி ஆடாம அடங்கும் வரை பேசாம இரிங்க. துடுப்பின்ட அகலப் பக்கத்தைத் தண்ணிக்குள்ள இறக்கி, பிடிநுனியைக் காதோட அழுத்தி வைங்க. மரத்துடுப்பாப் பாருங்க.

தாண்டவன்வெளி:
போன வருசம் போன ஆக்களுக்கு உறுமல்தான் கேட்டதாம்?

வாவிக்கரை:
தோணியைப் புதுப்பாலத்துத் தூணில கட்டியிருப்பாங்க. மேல போற வாகனத்து அதிர்வு தூண் வழியாத் தண்ணிக்குள்ள இறங்கும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வாகனம் குறைஞ்ச பிறகு போங்க. 1848இல இஞ்ச வந்து கேட்ட பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், கிளாஸ் விளிம்பில ஈரவிரலைத் தேய்ச்ச மாதிரி எண்டு எழுதினார். அந்தளவு மெல்லிசு. பாடுறது மீனா, ஊரியா (ஓட்டுக்குள்ள இரிக்கிற நத்தை மாதிரி உயிர்) எண்ட சண்டை இன்னும் தீரல்ல, அதைத் தோணியில வைச்சுத் தொடங்கினா ஒண்டும் கேட்காது.

சனிக்கிழமை தேய்பிறையா எண்டு கலண்டரைப் பாருங்க. அப்படியெண்டா இரவுப் பயணத்துக்குக் காசு குடுக்காதீங்க, பின்னேரம் பாலத்தோட முடிச்சிருங்க.