பழைய லேப்டாப்புக்கு எந்த எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா போடுற வேகமான டிஸ்க்) போடலாம்?

வணக்கம் அண்ணன்மாரே, நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கேன். மக எஸ்டிபிஎம் (யூனிவர்சிட்டி போறதுக்கு முன்னாடி எழுதுற பரீட்சை) படிக்குது, அதுக்கு இருக்கிறது இந்த ஒரு லேப்டாப்தான். 2016ல வாங்குனது, ஐ5-6200யூ, ரேம் 8 ஜிபி, 1 டிபி ஹார்ட் டிஸ்க் 5400 ஆர்பிஎம், விண்டோஸ் 10.

மூணு மாசமா ஆன் பண்ணா டெஸ்க்டாப் வர்றதுக்கே ஆறேழு நிமிஷம் ஆகுது, டாஸ்க் மேனேஜர்ல பாத்தா டிஸ்க் மட்டும் 100%லயே நிக்குது, ரேம் பாதிகூட போகல. ஸ்டார்ட்அப்ல இருந்ததெல்லாம் நிப்பாட்டினேன், வைரஸ் ஸ்கேன் பண்ணேன், விண்டோஸையும் புதுசா போட்டேன், ரெண்டு நாள் நல்லா ஓடுச்சு அப்புறம் பழைய கதைதான். டிஸ்க்கோட நிலைமைய காட்டுற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர் மஞ்சள்ல (எச்சரிக்கை) காட்டுது, பயந்துபோய் அவளோட நோட்ஸ் எல்லாத்தையும் பென்டிரைவ்ல எடுத்து வச்சிட்டேன், அந்த நோட்ஸ் போச்சுன்னா பிள்ளையோட ஒரு வருஷ உழைப்பு போயிரும்.

டவுன் கடையில புதுசு வாங்குங்கன்னு சொல்றாங்க, இப்ப முடியாது, கையில 200 வெள்ளி (ரிங்கிட்) தான். அடிப்பக்கம் திறந்து பாத்தேன், ஒரு எம்.2 ஸ்லாட் (சின்ன அட்டை மாதிரி இருக்கிற எஸ்எஸ்டிய சொருகுற இடம்) காலியா இருக்கு, ஆனா அது சாட்டா வகையா, அதைவிட வேகமான என்விஎம்இ வகையான்னு எங்கயும் எழுதல.

ஹார்ட் டிஸ்க்க கழட்டிட்டு 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி 500 ஜிபி போடுறதா, இல்ல அந்த எம்.2 ஸ்லாட்ல போடுறதா, எது சரியா வரும்?